“அவன் அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள்



பெற்றோர்கள், சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், செவிலியர் மாணவிகள் என்று பலரும் கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சில பெற்றோர் பிள்ளைகளையும் அழைத்து வந்திருக்கிறீர்கள். அவர்கள் எழுந்து நடந்தாலும் சத்தம் போட்டாலும் யாரும் பதற வேண்டாம். இது அவர்களுக்கான கூட்டம்.

குழந்தை மருத்துவம் பார்க்கும் எனக்கு, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியம் உண்டு. “இந்தப் பிள்ளைங்க அப்படித்தான் டாக்டர் இருக்கும்.” பாட்டி அதைப் பாசத்தோடு சொல்வார். ஆசிரியர் அலுப்போடு சொல்வார். மருத்துவர்கள் அவசரத்தில் சொல்கிறோம். குழந்தை எந்நேரமும் சோர்ந்து கிடக்கிறதா, அப்படித்தான். உடம்பு போட்டுக்கொண்டே போகிறதா, அப்படித்தான். ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லையா, அதுவும் அப்படித்தான். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். அதன் பின்னால் பல நேரங்களில் மருந்தோ, அறுவை சிகிச்சையோ, ஒரு கண்ணாடியோ போதுமான ஒரு கோளாறு மறைந்து நிற்கிறது. டவுன் சிண்ட்ரோமை நம்மால் எடுத்துவிட முடியாது. ஆனால் அதோடு கூட வருகிற நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு வைத்தியம் உண்டு.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடுவோம். நம் உடலின் செல்களில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. 23 அம்மாவிடமிருந்து, 23 அப்பாவிடமிருந்து. அவற்றில் 21 என்று எண் கொடுக்கப்பட்டது அளவில் மிகச் சிறியது. 200 முதல் 300 மரபணுக்கள் வரைதான் அதில் உள்ளன. டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்கு இந்த 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கிறது. அந்த மரபணுக்களில் எதுவும் கெட்டுப்போனதில்லை என்பதைக் கவனியுங்கள். ரசத்துக்குப் போட்ட சாமான்கள் எல்லாம் நல்ல சாமான்களே, ஒன்று மட்டும் ஒன்றரைப் பங்கு விழுந்துவிட்டது என்பது போல. அந்தக் கூடுதல் அளவுதான் இதயம் உருவாகும் விதத்தையும், தசையின் இறுக்கத்தையும், தைராய்டையும், மூளையின் வளர்ச்சியையும் தொட்டுவிடுகிறது.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மூன்றாவது குரோமோசோம் தனியாக நிற்கும். மூன்று நான்கு பேருக்கு அது வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டு வரும். இன்னும் சிலருக்கு உடலின் சில செல்களில் மட்டும் இந்தக் கூடுதல் இருக்கும். “எப்படியும் டவுன்தான், எந்த வகை என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?” என்று கேட்பார்கள். ஆகும். ஒட்டிக்கொண்டு வரும் வகையாக இருந்தால், அப்பாவோ அம்மாவோ தனக்கு எந்தக் குறையும் இல்லாமல் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் அடுத்த குழந்தைக்கும், ஏன், சித்தி அத்தைகளின் குழந்தைகளுக்கும்கூட வர வாய்ப்பு உண்டு. அதனால்தான் முகத்தைப் பார்த்தே தெரிந்தாலும் ரத்தத்தை எடுத்துக் குரோமோசோம் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். தனியாக நிற்கும் வகை என்றால், இளம் தாய்க்கு அடுத்த முறையும் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவில்தான்.

இனி, வீடுகளில் நடக்கும் விசாரணைக்கு வருகிறேன். குழந்தை பிறந்த வாரத்திலேயே அது தொடங்கிவிடும். கிரகணத்தன்று வெளியே வந்தாளா? ஏழாம் மாதத்தில் அழுதாளா? இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டாளா? சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? எல்லாக் கேள்வியும் ஒரே ஆளை நோக்கித்தான் போகும். பிரசவக் களைப்பு தீராமல் படுத்திருக்கும் அந்தப் பெண்ணை நோக்கி.

பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. குரோமோசோம் ஜோடிகள் பிரியும் வேலையை அப்போதே தொடங்கி, பாதியில் நிறுத்திக் காத்திருக்கின்றன. முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு மாதம் அந்த முட்டை முதிரும்போதுதான் அந்த வேலை மறுபடி தொடரும். அவ்வளவு காலம் ஜோடியைச் சேர்த்துப் பிடித்திருந்த புரதங்கள் தளர்ந்துபோகலாம். அப்போது இரண்டு 21ஆவது குரோமோசோம்களும் பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுகின்றன. பெரும்பாலும் நடப்பது இதுதான். சில நேரம் இதே தவறு அப்பாவின் விந்தணுவிலும் நடக்கிறது. கருத்தரிக்கும் கணத்திலேயே, அல்லது அதற்கும் முன்பே, முடிந்துபோன விஷயம் இது. ஏழாம் மாதத்து அழுகைக்கு இதில் என்ன பங்கு இருக்க முடியும்? சொந்தத்தில் திருமணம் செய்வதால் வேறு பல மரபணு நோய்கள் வரலாம். அதைத் தவிர்க்கச் சொல்வது நியாயம். டவுன் சிண்ட்ரோமுக்கு அது காரணமில்லை.

தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. 25 வயதில் 1,200 பேரில் ஒருவர் என்ற அளவில் இருப்பது, 35இல் 350 பேரில் ஒருவர், 40இல் 100 பேரில் ஒருவர் என்று ஆகிறது. ஆனால் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, “எனக்கு 24 வயசுதானே, எனக்கு எப்படி?” என்று உடைந்துபோகும் அம்மாக்கள் பலர். இளவயதில் பிள்ளை பெறுகிறவர்கள்தான் மிக அதிகம். ஆகவே டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் 35 வயதுக்குக் கீழே உள்ள தாய்மாருக்கே பிறக்கிறார்கள்.

கர்ப்ப காலத்துப் பரிசோதனைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். மூன்றாம் மாத ஸ்கேனும் அதோடு எடுக்கும் ரத்தப் பரிசோதனையும், இப்போது வந்திருக்கும் தாயின் ரத்தத்தில் குழந்தையின் மரபணுத் துணுக்குகளைத் தேடும் பரிசோதனையும் சந்தேகத்தைத்தான் சொல்லும். உறுதி செய்ய பனிக்குட நீரையோ நச்சுக்கொடியின் திசுவையோ எடுத்துப் பார்க்க வேண்டும். முடிவு தம்பதியுடையது, சட்டம் அதற்கு இடம் தருகிறது, கால வரம்பும் வைத்திருக்கிறது. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முடிவெடுக்கும் முன் அவர்களுக்கு முழுத் தகவல் கிடைக்க வேண்டும். வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போகிற செய்தியில்லை இது. இன்று இப்படிப் பிறக்கும் குழந்தை என்னவெல்லாம் செய்யும், எதற்கெல்லாம் சிரமப்படும் என்று தெரிந்த ஒருவர், உட்கார்ந்து, கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும்போது சொல்ல வேண்டும்.

இந்த நிலைக்குப் பெயர் தந்த ஜான் லாங்டன் டவுன், இங்கிலாந்தில் ஏர்ல்ஸ்வுட் என்ற, அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான காப்பகத்தில் மருத்துவராக இருந்தவர். 1866இல் அவர் எழுதிய கட்டுரைதான் இந்தப் பிள்ளைகளைத் தனி வகையாக முதலில் விவரித்தது. முகச் சாயலை வைத்து ஆசிய இனம் ஒன்றின் பெயரை அவர் இதற்குச் சூட்டியது பெரும் பிழை. 1961இல் விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து லான்செட் இதழில் அந்தப் பெயரைக் கைவிடக் கோரினார்கள். 1965இல் மங்கோலிய நாட்டின் வேண்டுகோளை ஏற்று உலக சுகாதார நிறுவனமும் கைவிட்டது. நம் ஊர் வார்டுகளில் இன்னும் சில வாய்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது போக வேண்டும். ஆனால் அதே டவுன், பூட்டிவைக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் முன்னேறுவார்கள் என்று நம்பியவர். மனைவி மேரியோடு சேர்ந்து 1868இல் நார்மன்ஸ்ஃபீல்டு என்ற இல்லத்தைத் தொடங்கினார். அங்கே ஒரு நாடக அரங்கே கட்டினார். பாட்டும் நடிப்பும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த அரங்கம் இன்றும் இருக்கிறது.

அதன் பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் காரணம் தெரியவில்லை. மனிதருக்குக் குரோமோசோம்கள் 46 என்பதே 1956இல்தான் உறுதியாக வெளியானது. 1959இல் பாரிஸிலிருந்து விடை வந்தது. அந்த ஆய்வின் செல் வளர்ப்பு வேலையைச் செய்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். வசதியில்லாத ஆய்வுக்கூடத்தில், செல்களை வளர்க்கத் தேவையான சீரத்துக்குத் தன் ரத்தத்தையே எடுத்துப் பயன்படுத்தியவர். அவரிடம் படமெடுக்கும் வசதியுள்ள நுண்ணோக்கி இல்லை. கண்ணாடித் தகடுகளைப் படமெடுக்க வாங்கிச் சென்ற ஜெரோம் லெஜூன் பெயர் கட்டுரையில் முதலில் நின்றது. கோத்தியேயின் பெயர் எழுத்துப் பிழையோடு இரண்டாவதாக அச்சானது. பல பத்தாண்டுகள் கழித்து, 2014இல்தான் பிரெஞ்சு அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் அறநெறிக் குழு அவர் பங்கை வெளிப்படையாக ஏற்றது. செவிலியர் மாணவிகள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் இதைச் சொல்லத் தோன்றியது.

காரணம் தெரிந்துவிட்டதால் இந்தப் பிள்ளைகளின் ஆயுள் கூடிவிடவில்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் புளூமிங்டன் என்ற ஊரில், 1982 ஏப்ரலில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. டவுன் சிண்ட்ரோம். உணவுக்குழாய் வயிறு வரை போய்ச் சேரவில்லை. அறுவை சிகிச்சையால் சரிசெய்யக்கூடிய கோளாறு அது. டவுன் சிண்ட்ரோம் இல்லாத குழந்தையாக இருந்திருந்தால் அன்றே அறுவை அரங்குக்குப் போயிருக்கும். பெற்றோர் வேண்டாம் என்றார்கள்; நீதிமன்றமும் தலையிடவில்லை. ஆறு நாளில் குழந்தை இறந்துபோனது. நாடே கொதித்தது. 1984இல் இப்படிச் சிகிச்சை மறுப்பதைத் தடுக்க அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள். ‘பேபி டோ’ என்று அந்தக் குழந்தையை வரலாறு குறிப்பிடுகிறது. அது இறந்தது டவுன் சிண்ட்ரோமால் இல்லை. உணவுக்குழாயைச் சரிசெய்யாததால்.

அந்தக் காலத்தில், 1983 வாக்கில், அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் ஆயுள் சராசரியாக 25 வயது என்று கணக்கிட்டார்கள். இன்று அது 60ஐ ஒட்டி நிற்கிறது. இத்தனைக்கும் இடையில் குரோமோசோமைச் சரிசெய்யும் மருந்து எதுவும் வந்துவிடவில்லை. இதய அறுவை சிகிச்சையை மறுக்காமல் செய்தார்கள். நிமோனியாவுக்கு நேரத்தில் மருந்து கொடுத்தார்கள். காப்பகத்தில் விடாமல் வீட்டில் வளர்த்தார்கள். மற்றப் பிள்ளைக்குச் செய்வதை இந்தப் பிள்ளைக்கும் செய்தார்கள். அதற்கே முப்பத்தைந்து ஆண்டுகள் கூடியிருக்கின்றன.

இதயத்தைப் பற்றி நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நம் ஊரில் இந்தக் குழந்தைகளை நாம் அதிகம் இழப்பது இதில்தான். டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கும். இவர்களுக்கே உரியது என்று சொல்லத்தக்க ஒன்று, இதயத்தின் நடுப்பகுதியில் மேல் அறைகளுக்கும் கீழ் அறைகளுக்கும் பொதுவாக விழும் பெரிய ஓட்டை. இதில் தந்திரமான விஷயம் என்னவென்றால், பிறந்த முதல் வாரங்களில் ஸ்டெதஸ்கோப்பில் எந்தச் சத்தமும் கேட்காமல் இருக்கலாம். குழந்தை ரோஜாப்பூ மாதிரி இருக்கும். அதனால் சத்தம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், டவுன் சிண்ட்ரோம் என்று சந்தேகம் வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் மாதத்துக்குள் எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது தந்திரம் இன்னும் கொடியது. ஓட்டை வழியாக ரத்தம் அளவுக்கு மீறி நுரையீரலுக்குப் போகும். முதல் சில மாதங்களில் குழந்தை பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கி நிறுத்தும், எடை ஏறாது. பிறகு நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்து இறுகிவிடும். ரத்தம் குறைவாகப் போகும். வியர்வை நிற்கும், பால் குடிப்பது தேறும், எடை ஏறும். வீட்டில் எல்லோரும் “கண்ணு திறந்துட்டார் சாமி” என்பார்கள். உண்மையில் அப்போதுதான் கதவு மூடிக்கொண்டிருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இந்த இறுக்கம் மற்றவர்களைவிட சீக்கிரமே வந்துவிடுகிறது. இறுகிய பிறகு ஓட்டையை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பெரிய ஓட்டைக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய காலம் மூன்றிலிருந்து ஆறு மாதம். “கொஞ்சம் எடை போடட்டும், ஒரு வயசு ஆகட்டும், ஆடி கழியட்டும்” என்று தள்ளிப்போட இதில் இடமே இல்லை.

பணம் இல்லை என்பதும் இப்போது காரணமாக இருக்கக் கூடாது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறவிக் குறைகள் என்று பட்டியலிட்டுத் தேடச் சொன்னவற்றில் டவுன் சிண்ட்ரோமும் ஒன்று, பிறவி இதய நோயும் ஒன்று. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இதற்காகவே அமைக்கப்பட்டன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை உண்டு. இங்குள்ள அங்கன்வாடிப் பணியாளர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பகுதியில் இப்படி ஒரு குழந்தை பிறந்தது தெரிந்தால், “எக்கோ எடுத்தாச்சா?” என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். எடை பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

தைராய்டுக்கு வருகிறேன். “அப்படித்தான்” என்ற வாக்கியம் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். தைராய்டு சுரப்பு குறைந்தால் என்ன ஆகும்? உடல் எடை கூடும், மலச்சிக்கல் வரும், தோல் வறளும், அசதி, தூக்கம், எதிலும் ஒரு மந்தம். இந்தப் பட்டியலை யாரிடமாவது காட்டினால், “டவுன் பிள்ளைங்க அப்படித்தானே இருக்கும்” என்பார்கள். அதனால்தான் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. பிறந்தவுடன் ஒரு முறை, ஆறாம் மாதம், ஒரு வயதில், பிறகு ஆயுள் முழுக்க ஆண்டுக்கு ஒரு முறை தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். குறைவாக இருந்தால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை. விலையும் அதிகமில்லை. குழந்தையின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை வளரத் தைராய்டு அவசியம். ஏற்கெனவே மெல்ல வளரும் மூளைக்கு இதையும் கொடுக்காமல் விட்டால், அந்த இழப்பைப் பின்னால் ஈடுகட்ட முடியாது. பிறந்தநாள் வரும் மாதத்திலேயே இந்தப் பரிசோதனையையும் வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

காதுக்கும் இதே கதைதான். இவர்களின் காதுத் துளை குறுகலானது. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயும் சரியாகத் திறந்து மூடாது. சளி பிடித்தால் நடுக்காதில் பசை போல நீர் தேங்கி மாதக்கணக்கில் நிற்கும். வலி இருக்காது, சீழ் வராது. கேட்பது மட்டும் மங்கிப்போகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை “பிடிவாதம்” என்கிறோம். பேச்சு வராத பிள்ளைக்கு “மூளை வளர்ச்சி அவ்வளவுதான்” என்கிறோம். சொல் காதில் விழாத பிள்ளை எதைக் கேட்டுப் பேசும்? ஸ்பீச் தெரபிக்கு வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி வரும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, காது கேட்கும் திறனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதைத்தான். சிறுவயதில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

கண்ணும் அப்படியே. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பார்வைக் குறை இருக்கும். இவர்களில் பலருக்குத் தூரத்துக் கண்ணாடி போட்ட பிறகும் கிட்டத்தில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்க முடியாது. நாற்பது வயதைத் தாண்டிய நமக்கு வருகிற அதே சிரமம் அவர்களுக்கு ஐந்து வயதிலேயே இருக்கிறது. இரண்டு பார்வைக் கண்ணாடி போட்டுவிட்டால் புத்தகத்தைத் தூக்கி எறிந்த பிள்ளை புத்தகத்தோடு உட்காருவதைப் பார்க்கலாம். ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைப் பற்றிப் பெற்றோர் தாமாகச் சொல்வதே இல்லை. கேட்டால்தான் வரும். “உட்கார்ந்துக்கிட்டே குனிஞ்சு தூங்குவான் டாக்டர், பார்க்கச் சிரிப்பா இருக்கும்” என்பார்கள். மேல் மூச்சுக்குழல் குறுகி, நாக்கும் டான்சிலும் அடைத்துக்கொள்வதால், படுத்தால் மூச்சு தடைப்படுகிறது. அதனால்தான் அந்தப் பிள்ளை உட்கார்ந்து தூங்குகிறது. இரவெல்லாம் விட்டு விட்டு மூச்சு நின்றால் பகலில் எரிச்சலும் அடமும் கவனமின்மையும் வரும். நுரையீரலின் அழுத்தம் கூடி இதயமும் கெடும். நான்கு வயதுக்குள் ஒரு முறை தூக்கப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. அந்த வசதி எட்டாத ஊர்களில், பிள்ளை தூங்குவதைச் செல்போனில் சில நிமிடம் படமெடுத்து வந்து காட்டுங்கள். அதுவே எங்களுக்குப் பெரிய உதவி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலம் கழிக்கத் தாமதமானாலோ குடலில் அடைப்பு இருக்கலாம். உடனே பார்க்க வேண்டும். ரத்தப் புற்றுநோய் மற்றக் குழந்தைகளைவிட இவர்களுக்குப் பத்து முதல் இருபது மடங்கு வரை அதிகம். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது வருவதில்லை, வந்தவர்களிலும் பலர் குணமாகிறார்கள். காரணமில்லாமல் வெளிறிப்போவது, விடாத காய்ச்சல், அடிபடாமலே கன்றிப்போன திட்டுகள், இவற்றை மட்டும் கவனியுங்கள். தடுப்பூசி ஒன்றுகூடத் தவறக் கூடாது. நிமோனியா இவர்களை எளிதில் சாய்க்கும். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் பிணைப்பு சிலருக்குத் தளர்வாக இருக்கும். நன்றாக நடந்த பிள்ளை தடுமாறினால், கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தால், வந்துவிட்ட சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பவும் போனால், ஒரு நாளும் தாமதிக்காமல் வாருங்கள். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் கழுத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள்.

வளர்ச்சியைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்வி, “எப்போ நடப்பான்?” என்பது. தசை தளர்வாக இருப்பதால் இரண்டு வயதை ஒட்டி நடப்பார்கள், சிலர் நான்கு வயது வரை எடுத்துக்கொள்வார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் நடப்பார்கள். பேச்சுதான் அதிகம் பிந்தும். ஆனால் அவர்கள் சொல்வதைவிட அவர்களுக்குப் புரிவது எப்போதும் அதிகம். இதை மறந்துவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டே “இது தேறுமா டாக்டர்?” என்று கேட்கிறீர்கள். அதன் முகம் மாறுவதை நான் பார்க்கிறேன்.

இவர்கள் காதால் கேட்டு நினைவில் வைப்பதைவிடக் கண்ணால் பார்த்து நினைவில் வைப்பதில் கெட்டிக்காரர்கள். வெறும் வாயால் “தண்ணி, தண்ணி” என்று நூறு முறை சொல்வதைவிட, கையால் ஜாடை காட்டி, படத்தைக் காட்டி, கீழே எழுதிய எழுத்தையும் காட்டிச் சொன்னால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஜாடை காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஜாடை பேச்சுக்கு முன்னோடியாகத்தான் நிற்கிறது. பேச்சு வந்த பிறகு படிப்பு என்று காத்திருக்க வேண்டாம். எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இவர்களில் பலருக்கு வாக்கியமே அமைகிறது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ. “எங்களிடம் வசதியில்லை” என்று சேர்க்க மறுப்பதைச் சலுகை மறுப்பு என்று நினைத்துத் தலைகுனிந்து திரும்பி வராதீர்கள். அது சட்டம் தந்த உரிமை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்காக நாடு தழுவிப் பாடுபடும் டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பு நம் சென்னையிலிருந்து, ஒரு தாயின் முயற்சியில் வளர்ந்த அமைப்புதான் என்பது நமக்குப் பெருமை. புதிதாகப் பிறந்த குழந்தையின் பெற்றோருக்கு என்னைப் போன்ற மருத்துவரைவிட, ஐந்து வயதுப் பிள்ளையை வளர்க்கும் இன்னொரு பெற்றோர் தரும் தெம்பு பெரியது.

கடைசியாக, அரங்கில் தலை நரைத்த பெற்றோர் சிலரைப் பார்க்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். உங்களுக்காகத்தான் இந்தப் பகுதி. இவ்வளவு காலம் இவர்கள் வாழ்வார்கள் என்று மருத்துவம் எதிர்பார்க்கவில்லை. அதனால் குழந்தை மருத்துவர் “வயசாயிடுச்சு” என்று அனுப்பிவிடுகிறார். பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவரோ “எனக்குப் பழக்கமில்லை” என்கிறார்.

அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்தை உருவாக்கும் மரபணு, இந்த 21ஆவது குரோமோசோமில்தான் இருக்கிறது. மூன்று பிரதிகள் இருப்பதால் அந்தப் புரதம் இளமையிலிருந்தே அதிகம் சுரந்து படிகிறது. 40 வயதில் ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் அந்தப் படிவு இருக்கும். மறதியும் தடுமாற்றமும் பெரும்பாலும் ஐம்பதை ஒட்டித் தொடங்குகின்றன. உலகில் அல்சைமரைத் தடுக்க மருந்து தேடுகிறவர்கள் இன்று டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடமிருந்து பாடம் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் முப்பது வயதில் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, குளிக்க மறுத்து, மூலையில் உட்கார்ந்தால், உடனே அல்சைமர் என்று முடிவுகட்டக் கூடாது. இந்த வயதிலும் “அப்படித்தான்” நம்மை ஏமாற்றும். தைராய்டு குறைந்திருக்கலாம். காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். கண்ணில் புரை விழுந்திருக்கலாம். தூக்கத்தில் மூச்சு தடைப்படலாம். பி12 குறைந்திருக்கலாம். மன அழுத்தமாக இருக்கலாம். நம் வீடுகளில் சாவு விழுந்தால் இந்தப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். “அவனுக்கு என்ன தெரியப்போவுது” என்கிறோம். முப்பது ஆண்டுகள் பக்கத்தில் படுத்துத் தூங்கிய பாட்டி ஒரு நாள் இல்லை. எங்கே போனார் என்று யாரும் சொல்லவில்லை. அவன் சாப்பாட்டை விடுகிறான், பேச்சை விடுகிறான். அவனுக்குத் துக்கம். மாலை போடவும், அழவும், படத்துக்கு முன் விளக்கேற்றவும் அவனுக்கும் இடம் கொடுங்கள்.

18 வயது முடிந்ததும் சட்டப்படி அவர் வயது வந்தவர். வங்கி, சொத்து, ஆபரேஷனுக்குக் கையெழுத்து எல்லாவற்றிலும் சிக்கல் வரும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்டக் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பற்றிக் கேளுங்கள். உங்களுக்குப் பின் யார் என்ற கேள்வியைத் தம்பி தங்கைகளோடு வெளிப்படையாகப் பேசுங்கள். அந்தப் பேச்சில் சம்பந்தப்பட்டவரையும் உட்காரவையுங்கள். யாரோடு இருக்க விருப்பம் என்று அவரையே கேளுங்கள்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள், இதற்குச் செலவே இல்லை. பிள்ளைக்கு முப்பது வயது ஆவதற்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். தானாகச் சட்டைப் பொத்தான் போடுகிறாரா, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருகிறாரா, எத்தனை பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், எந்தப் பாட்டை முழுதாகப் பாடுவார், படியில் கைப்பிடி இல்லாமல் இறங்குவாரா. முடிந்தால் இவற்றையெல்லாம் செல்போனில் படமெடுத்துத் தேதியோடு வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, தைராய்டு பரிசோதனைக்குப் போகும் அதே வாரம், அதைப் புதுப்பியுங்கள். இருபது ஆண்டுகள் கழித்து அவரைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அவரைத் தெரிந்திருக்காது. ஒருவேளை நீங்களும் உடன் இருக்க மாட்டீர்கள். “இவர் எப்பவும் இப்படியா?” என்று அந்த மருத்துவர் கேட்கும்போது, பதில் அந்த நோட்டில் இருக்க வேண்டும்.